ஈ.பி.காரன் குடுக்கற லீவு

ஜெனரேட்டர் வாங்கப் போறயாமா? நேத்துப் பொழுதோட உங்கம்மா போன்ல சொன்னா. சொல்றபோதே அவளுக்குத் தொண்டை கம்மிப் போச்சு. நான்தான், "விடு அம்மணி, பையன் முன்னுக்கு வரான், கண்ணு வெக்காதே"ன்னு அடக்கினேன்.

நல்ல ரோசனைதான் சாமி, நான் குத்தம் சொல்லல. மாசத்துக்கு ஒருக்கா சப்-ஸ்டேசன்ல பராமரிப்பு வேலைன்னு பேப்பர்ல போடறான். காலைல 9 மணிக்கு நிறுத்தற கரண்டு சாயந்தரம் நாலு மணிக்குத்தான் வருது. வேலை நாள்ல அந்த ஒரு நாள்தான் நீ பகல் வெளிச்சத்துல ஊட்டுக்குச் சோத்துக்கு வர. வந்தா உன்ற புள்ளை வாசல்ல நின்னு, "அப்பா, இன்னிக்கு ஷட்டவுனா?"ன்னு கேக்குதாமா. நாலு வயசுப் புள்ளைக்கு மின்வாரியத்து அட்டவணை தெரிஞ்சிருக்குது. உனக்கு லீவு குடுக்கற ஒரே மொதலாளி ஈ.பி.காரன். அவனையும் வேலையை விட்டு அனுப்பிச்சரலாம்னு பாக்கற. வாங்கு, வாங்கு. வாங்கறதுதான் வாங்கற, கொஞ்சம் பெருசா வாங்கு. நாளைக்கு ஐ.சி.யூ.ல கரண்டு போனாலும் ஆகும்.

அந்தப் பெரிய கம்பெனி வேலையை எதுக்கு உட்டேன்னு நெனப்பிருக்குதா? என்ற ஊட்டுத் திண்ணையில உக்காந்துதான் சொன்ன. சூப்பர்வைசர் ஞாயித்துக்கெழமை போன் பண்றான் அப்புச்சி. மாமன் பொண்ணு கண்ணாலத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான். இனி எவன்கிட்டயும் கை கட்டி நிக்கமாட்டேன், சொந்தமா ஷெட்டு போடறேன். எனக்கே ரோசம் வந்து மீசையை முறுக்கிட்டேன். கணபதியில வாடகைக்கு ஷெட்டு புடிச்ச, பழைய லேத்து ரெண்டு போட்ட, லோன்ல ஒரு சி.என்.சி. எறக்குன. சரி. போன நோம்பிக்குப் பொண்டாட்டி ஊருக்குப் போனயா? போகல. எவன் லீவு குடுக்கல? அந்த சூப்பர்வைசரா? அவன் பாவம், இந்நேரம் ரிட்டயர் ஆகிப் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டீட்டுப் போயிட்டிருப்பான்.

நானும் கோயமுத்தூர் மில்லுல சைடு பாத்தவன்தான் கண்ணு. சங்கு ஊதுனா உள்ளாற, சங்கு ஊதுனா வெளிய. எனக்குப் படிப்பு அஞ்சாவதுதான், ஆனா 1948ல போட்ட தொழிற்சாலைகள் சட்டம் மனப்பாடம். வாரத்துக்கு 48 மணிக்கு மேல வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்தாப்புல அஞ்சு மணி நேரம் நின்னா அரை மணி ஓய்வு உடோணும். வாரத்துல ஒரு நாள் லீவு. மிச்சமாப் பாத்தா ரெட்டைக் கூலி. இப்பச் சட்டத்துக்குப் புதுப்பேரு வெச்சுட்டாங்களாமா, அந்த 48 மட்டும் அப்படியே இருக்குது. அது சும்மா வரல. மெட்ராஸ் கடற்கரையில 1923ல சிங்காரவேலர் மே தினம் நடத்தினதுல இருந்து எத்தனை பேரு கத்தி வாங்கின நேரம் அது. நம்ம பக்கத்துலயே, மில்லுத் தகராறுல சின்னியம்பாளையத்துப் பசங்க நாலு பேரை 1946 சனவரியில தூக்குல போட்டாங்க.

அத்தனை பேரும் சேந்து கொண்டாந்த சட்டம் உன்ற ஷெட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வெளியவே நிக்குது. ஏன்னா அங்க வேலைக்காரனும் நீ, மொதலாளியும் நீ. யூனியன் வெக்கலாம்னாத் தலைவரும் நீதான், சந்தா கட்டறவனும் நீதான். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டா மொதலாளி வரமாட்டேங்கறான். கேட்டா லேத்துல நிக்கறானாமா.

கணக்கு ஒண்ணு போட்டுப் பாத்தேன். காலைல எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கற, ராத்திரி பத்தரைக்கு எறக்கற. சோத்துக்கு ஒரு மணி தள்ளு. 13 ஆச்சா? ஆறு நாளைக்கு 78. ஞாயித்துக்கெழமை "சும்மா எட்டிப் பாத்துட்டு வரேன்"ன்னு போற அஞ்சு மணியையும் கூட்டு. 83. உன்ற தங்கச்சி நர்சு படிக்கறாளே, அவகிட்டச் சொன்னேன். போனைத் தேச்சுத் தேச்சு ஒண்ணு படிச்சுக் காட்டினா. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல சொன்னதாமா. வாரத்துக்கு 55 மணி, அதுக்கு மேல வேலை பாக்கறவனுக்கு, 35, 40 மணி பாக்கறவனைக் காட்டியும் பக்கவாதம் வர வாய்ப்பு 35 சதவீதம் எச்சு. இருதயக் கோளாறுல சாகற வாய்ப்பு 17 சதவீதம் எச்சு. 2016ல மட்டும் அப்படிப் போய்ச் சேந்தவங்க 7 லட்சத்து 45 ஆயிரம் பேராமா. நீ கெட்டிக்காரன், அந்த 55ஐ வெள்ளிக்கெழமை மத்தியானச் சோத்துக்கு முன்னாலயே தாண்டிடற. மிச்ச நேரமெல்லாம் லாபக் கணக்கு.

அவ இன்னொண்ணும் சொன்னா. வேலை செஞ்சு செஞ்சு ஆளு உள்ளுக்குள்ள தீஞ்சு போறதைச் சீக்குன்னு சொல்லமாட்டாங்களாமா. வேலையால வர ஒரு நெலைமைன்னு 2019ல உலக சுகாதார நிறுவனம் எழுதி வெச்சிருக்குதாமா. 1974ல அதைப் பத்தி எழுதி எல்லாருக்கும் தெரிய வெச்சவரு ஃப்ராய்டன்பெர்கர்னு நியூயார்க்குல ஒரு மனநல நிபுணர். பகல்ல தன்ற சொந்த வைத்தியம், ராத்திரி ஏழைபாழைகளுக்கு இலவச ஆஸ்பத்திரியில வேலை. அனுபவஸ்தர் எழுதினாத்தானே சாமி நல்லா இருக்கும்?

அடையாளம் மூணாமா. ஒடம்புல சத்தே இல்லாமப் போறது, செய்யற வேலை மேலயே வெறுப்பு வரது, செஞ்ச வேலை செஞ்ச மாதிரி இல்லாமப் போறது. நான் ஒண்ணும் சொல்லல. அந்தக் கன்மெட்டல் புஷ் கதையை மட்டும் நெனச்சுப் பாத்தேன்.

நீ வேலை பழகுன காலத்துல, ரோட்டுல நின்னு பேசீட்டு இருக்கறபோதே உள்ள ஓடற லேத்துச் சத்தத்தைக் கேட்டு, "டூல் மொக்கையாயிருச்சு"ன்னு சொல்லுவ. எனக்குப் பெருமையா இருக்கும், டீக்கடையில நாலு பேருகிட்டச் சொல்லுவேன். அதே ஆளு, ராத்திரி பன்னண்டரைக்கு 200 புஷ் போட்ட. ஆஃப்செட்டுல 0.005ன்னு தட்ட வேண்டிய எடத்துல ஒரு பூச்சியத்தை முழுங்கி 0.05ன்னு தட்டுன. மொதப் பீசை அளந்து பாக்கோணும்னு உனக்கே தெரியும், புதுசா வர பையனுக்கு நீயே சொல்லித் தர பாடம் அது. அளக்கல. கண்ணு சொருகுது, எப்படியோ முடிஞ்சாச் சரி. காலைல பார்ட்டி ஊட்டு இன்ஸ்பெக்சன்ல கேஜை உட்டுப் பாத்திருக்கான். உள்ள போகவே கூடாத நோ-கோ பக்கம் ஒறம்பரை ஊட்டுக்குப் போறாப்புல உள்ள போயிட்டு வந்துச்சாமா. ஓட்டை சின்னதா இருந்தாத் தோண்டிக்கலாம், பெருசாப் போச்சுன்னா ஒட்ட வெக்க முடியுமா? 200ம் ரிஜெக்சன். மெட்டீரியல் அவனுது, கன்மெட்டல் வெலை என்னன்னு உனக்குத் தெரியும். டெபிட் நோட்டு போட்டான். ராத்திரி தூங்கீட்டுக் காலைல பத்து மணிக்குப் போட்டிருந்தா, ஒரு நாள் லேட்டுன்னு திட்டியிருப்பான். திட்டுக்கு ஜி.எஸ்.டி. கெடையாது.

இதுல நடுவால அந்தப் போன். ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸப்புல டிராயிங் வருது. பத்தே முக்கால் தாண்டி ரெண்டு நிமிசத்துக்குள்ள நீ "ஓகே சார்"ங்கற. அந்த மனுசன் காலைல பாத்துக்கட்டும்னுதான் அனுப்பியிருப்பான், ஊட்டுல சீரியல் பாத்துட்டே. நீ ஒடனே பதில் போட்டதும், ஓகோ, இவன் இந்நேரத்துக்கு முழிச்சுத்தான் இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டான். நாளைக்குப் பதினொண்ணே காலுக்குக் கேப்பான், "எப்பக் கெடைக்கும்?". அவனைப் பழக்கினது யாரு? பார்ட்டி மோசம், பார்ட்டி மோசம்ங்கற. பார்ட்டிக்குப் பாடஞ் சொன்ன வாத்தியாரு நீதான்.

தூங்காம ஒழைச்சாக் கோடீசுவரன்னு உன்ற போன்ல கோட்டு போட்ட ஒருத்தன் கத்தீட்டே இருக்கானே, அவனையும் பாத்தேன். அவன் யாவாரமே கத்தறதுதான் கண்ணு. கத்தி முடிச்சுட்டுத் தூங்கப் போயிருவான்.

சரி, நாயத்துக்கு வரேன். உன்ற ஊட்டு அம்மணி என்கிட்ட ஒண்ணு சொன்னா, நீ அவளைத் திட்டாதே. மூணு பில்லுக் காசு வரல, ஒண்ணே முக்கால் லட்சம் நிக்குதுன்னு ராத்திரி முச்சூடும் மோட்டைப் பாத்துட்டே படுத்திருக்கியாமா. தூக்கம் வரலைன்னு எந்திரிச்சு ரெண்டு மணிக்கு ஷெட்டுக்குப் போயிர்றயாமா. வெசனம் காசைப் பத்தி, போய் நிக்கறது லேத்துல. லேத்து என்ன பண்ணும்? அது பாட்டுக்குச் சுத்துது.

அதான் போன செவ்வாக்கெழமை பார்ட்டி ஆபீசுக்கு நானே போனேன். உங்கிட்டச் சொல்லல, சொன்னா நீ உட்டிருக்கமாட்ட, பார்ட்டி கோவிச்சுக்கும்பே. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, கையில உன்ற டெலிவரி சலான் நகல் நாலு. முன்னால உக்காந்திருந்த புள்ளை யாரைப் பாக்கோணும்னு கேட்டுச்சு. கணக்குப் பாக்கறவங்களை, அவசரமில்லீங் அம்மணி, எனக்கு வேற வேலையே இல்லை, சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருப்பேனுங்கன்னேன். இதைக் காட்டியும் பெரிய மெரட்டல் ஒண்ணு இருக்குதா? ஏ.சி. நல்லா இருந்துச்சு. டீ ஒண்ணு குடுத்தாங்க. அதைக் குடிச்சுட்டு என்ற முழங்கால் வலிக்கு எந்தெந்தத் தைலம் கேக்கல, எது கேட்டுச்சுன்னு அந்தப் புள்ளைக்கு வெவரமாச் சொன்னேன். பத்து நிமிசத்துல உள்ள கூப்பிட்டுட்டாங்க.

கணக்குப் பாக்கறது ஒரு பொண்ணு, கோபிப் பக்கம். கோபியா, எங்க பெரியம்மாவை அங்கதான் குடுத்திருக்குதுன்னேன். அதுக்கப்பறம் அது என்னை வெளிய அனுப்புமா? கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துச்சு. "தாத்தா, மூணு பில்லுன்னு சொல்றீங்க, எங்ககிட்ட ரெண்டுதான் வந்திருக்குதுங்"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. சலானைக் காட்டினேன். சரக்கு வந்திருக்குது, பில்லு வரல. நேரா உன்ற ஷெட்டுக்கு வந்தேன், நீ டீக்கடைக்குப் போயிருந்த. மேசை டிராயரைத் தெறந்தா, இன்சர்ட்டு டப்பாவுக்கு அடியில, எண்ணெய்க் கறையோட ஒரு பில்லுப் புஸ்தகம். அறுபத்தஞ்சாயிரத்துக்கான பில்லைப் பாதி எழுதி அப்படியே வெச்சிருக்க. மூணு மாசத் தூக்கத்தைத் தின்னது உன்ற டிராயர்லயே குந்தீட்டு இருந்திருக்குது.

ரெண்டாவது பில்லுல பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் இல்ல. அந்த நம்பர் இல்லாமக் கம்ப்யூட்டர் ஏத்துக்காதாமா. அந்தப் பொண்ணு உனக்கு மெயிலு போட்டிருக்குது, நீ பாக்கல. நம்பரைக் கேட்டு எழுதிக் குடுத்தேன், அது அப்பவே ஏறிருச்சு. மூணாவதுதான் நெசமாலும் அவங்க இழுக்கறது. மொதலாளி கையெழுத்துப் போடோணும், மொதலாளி ஊர்ல இல்ல. மொதலாளிங்கறவங்க எப்பவுமே ஊர்ல இருக்கமாட்டாங்க கண்ணு, உன்னைத் தவிர.

அந்த மூணாவதுக்கு உங்கிட்ட ஆயுதம் இருக்குது, தெரியுமா? 2006லயே சட்டம் போட்டிருக்காங்க. உன்னை மாதிரிக் குறுந்தொழில்காரன்கிட்டச் சரக்கோ வேலையோ வாங்கினா, எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்ல காசு குடுக்கோணும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் பேங்கு சொல்ற வங்கி வட்டியைப் போல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் வட்டிக்கு வட்டி. 2017ல சமாதான்னு ஒரு தளம் கொண்டாந்தாங்க, இப்ப ஊட்டுல உக்காந்துட்டே புகார் குடுக்கலாம். இன்னொண்ணு, இது நல்ல காரம்: 2024 ஏப்ரல்ல இருந்து, கெடு தாண்டியும் உனக்குக் காசு குடுக்கலைன்னா, குடுக்கற வருசம் வரைக்கும் அதைச் செலவுன்னு பார்ட்டி வருமான வரியில கழிச்சுக்க முடியாது. மார்ச்சு மாசம் வந்தா அவங்க ஆடிட்டரே கூப்பிட்டு, "பாக்கியைக் குடுங்க"ம்பாரு. இதுக்கெல்லாம் உத்யம் பதிவு வேணும். அது இனாம். காசு கேக்கறவன் எவனா இருந்தாலும் அவன் புரோக்கர்.

நீ மூஞ்சியைச் சுளிக்கறது தெரியுது. புகார் குடுத்தா அடுத்த ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போயிரும்ங்கற. அது நெசந்தான், நான் இல்லைன்னு சொல்லல. சட்டம் எழுதினவங்களுக்கு அந்தப் பயம் கெடையாது, அவங்களுக்கு மாசம் பொறந்தாச் சம்பளம். அதனால புகாரைக் கடைசிக்கு வெச்சுக்கோ. மொதல்ல, பில்லுக்கு அடியில அந்த 45 நாள் வெவரத்தையும் உன்ற உத்யம் நம்பரையும் சின்னதா அச்சடி. சண்டை இல்ல, சத்தம் இல்ல. அவங்க ஆடிட்டர் கண்ணுல பட்டாப் போதும். ரெண்டாவது, ஒரே பார்ட்டியை நம்பி ஷெட்டை நடத்தாதே. அவன் வேலை குடுக்கலைன்னா வாடகை கட்ட முடியாதுங்கற நெலைமை இருந்தா நீ மொதலாளி இல்ல சாமி. அந்தப் பழைய கம்பெனியிலயே இருக்கற, பி.எப். மட்டும் கெடையாது.

வியாழக்கெழமை மத்தியானத்துக்கு மேல லேத்தை ஓட்டாதே. காயிதம் மட்டும் பாரு. பில்லு, பாக்கி, மெயிலு. ஜி.எஸ்.டி.க்கு மாசம் 11ம் தேதி ஒண்ணு, 20ம் தேதி ஒண்ணுன்னு நீ அலறிப் பொடைச்சுட்டு ஓடறதையும் பாத்துட்டுத்தான் இருக்கேன். வருசத்துக்கு 5 கோடி வரைக்கும் வரவு செலவு இருக்கறவன் வரியை மாசாமாசம் கட்டீட்டு, ரிட்டனை மூணு மாசத்துக்கு ஒருக்காப் போட்டுக்கலாம்னு 2021ல இருந்தே வழி இருக்குதாமா. உன்ற ஆடிட்டர்கிட்டக் கேட்டயா? எங்க கேக்க, நேரமில்ல. நேரமில்லாததுனால நேரம் போகுது.

ரேட்டு போடறது எப்படின்னு அன்னிக்குக் கேட்டேன். வாடகை, கரண்டு, லோன் தவணை, டூல், டர்னருக்குக் கூலி, எல்லாம் சொன்ன. உன்ற கூலி எங்கடான்னேன். "நான்தான அப்புச்சி, எனக்கென்ன கூலி, மிச்சம் நிக்கறது என்னுதுதான"ன்ன. மிச்சம் நிக்குதா? டர்னருக்கு நாளுக்கு ஆயிரம் குடுக்கற, அவன் ஆறு மணிக்குக் கை கழுவீட்டுப் போயிர்றான். அவனுக்கு அப்பறமும் நாலரை மணி நேரம் நிக்கற ஆளுக்குச் சுழி. கடனுக்கு மாடு புடிச்சவன் தவிடு வெக்காம ஏர் ஓட்டினானாமா, அந்த மாதிரி. பால்காரனுக்கும் கல்லாவுல இருந்துதான், புள்ளை பீசுக்கும் கல்லாவுல இருந்துதான் எடுக்கற. தொழில் ஓடுதா படுத்துருச்சான்னு உனக்கே தெரியல, தெரியாததுனாலதான் எந்த ஆர்டரையும் வேண்டாம்னு சொல்லப் பயப்படற. மாசம் ஒண்ணாந்தேதி உன்ற பேருக்கு ஒரு சம்பளம் எழுது. அதைச் சேத்து ரேட்டு போடு. அந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகாத வேலை எதுன்னு ஒரு வாரத்துல தெரிஞ்சு போகும். போகட்டும்னு உடு. அந்த ரேட்டுக்கு ராவும் பகலும் நிக்க இன்னொரு ஏமாந்தவன் கெடைக்காமயா போயிருவான்?

வேண்டாம்னு சொல்லத் தெரியலைங்கற. நம்ம ஊர்ல பொறந்துட்டு இப்படிச் சொல்லலாமா கண்ணு? நம்ம சனம் எப்பவாச்சும் மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லியிருக்குதா? பொண்ணு கேட்டு வந்தாக் கூட "ஆகட்டுமுங், பாக்கலாமுங், ரோசனை பண்ணிச் சொல்றமுங்"ன்னு காப்பித்தண்ணி குடுத்து அனுப்பிச்சுருவாங்க. வந்தவனும் பஸ் ஏறும்போதே புரிஞ்சுக்குவான். அதையேதான் நீயும் சொல்லோணும். "செஞ்சரலாமுங், உங்களுக்குச் செய்யாமயா? ஆனா 18ம் தேதிக்கு மேலதானுங் மிசின் காலி." அவசரம்னா அவனே வேற எடம் பாப்பான். இல்லைன்னாப் பொறுத்துக்குவான். முக்காவாசிப் பேரு பொறுத்துக்குவாங்க, பாரு. நேரம் ஒத்து வரலைன்னாப் பக்கத்து ஷெட்டுக்காரனுக்குக் கை மாத்தி உடு. உன்ற பக்கம் ஷெட்டுக்கு ஷெட்டு லேத்து ஓடுது, அவனும் உன்னை மாதிரிதான் ராத்திரி மோட்டைப் பாத்துட்டுப் படுத்திருப்பான். ரெண்டு பேரும் டீக்கடையில நின்னு பழமை பேசுனா ஆர்டர் போயிருமா? எந்தப் பார்ட்டி ஒழுங்காக் காசு குடுக்கறான், எவன் இழுப்பான்ங்கறது கூகிள்ல வராது, அந்த டீக்கடையிலதான் வரும்.

லீவு வெசயத்துக்கு ஒரு சூட்சுமம் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதே. எங்கொப்பன் அமாவாசையன்னிக்கு ஏர் பூட்டமாட்டான். ஊர்ல ஆசாரி உளி எடுக்கமாட்டான், நெசவுக்காரங்க தறியில எறங்கமாட்டாங்க. சாமி குத்தம்னு சொல்லுவாங்க. எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். இந்த ரோசனையைக் கண்டுபுடிச்சவன் ஒரு பண்ணையாளாத்தான் இருக்கோணும். "மாடு களைச்சுப் போச்சுங், எனக்கும் இடுப்பு வலிக்குதுங்"ன்னா எந்தப் பண்ணாடி உடுவான்? "அமாவாசைங்க"ன்னாப் பண்ணாடியே கன்னத்துல போட்டுக்குவான். நீயும் பார்ட்டிகிட்டக் களைப்பா இருக்குதுன்னு சொல்லாதே, மருவாதை கெட்டுப் போகும். "அமாவாசையன்னிக்கு மிசின் ஓட்டறதில்லீங், எங்க அப்புச்சி காலத்துல இருந்தே பழக்கமுங்"ன்னு சொல்லு. எவன் எதுத்துப் பேசுவான்? உனக்குச் சாமி நம்பிக்கை இல்லைன்னாப் பரவால்ல. சாமிக்கு உன் மேல நம்பிக்கை இருக்குது. ஞாயித்துக்கெழமை லீவு தனி, இது போனசு.

அப்பறம் ஒடம்பு. போன வாரம் மக்களைத் தேடி மருத்துவத்துல இருந்து எனக்கு பி.பி. மாத்தரை குடுக்க ஒரு புள்ளை வந்துச்சே, உன்னையும் புடிச்சு உக்கார வெச்சமல்ல. 150க்கு 100 காட்டுச்சு. எனக்கு 130. எண்பது வயசுக் கெழவனைக் காட்டியும் உனக்கு எச்சு. மிசின் சரியில்லன்னு சொல்லீட்டு எந்திரிச்சுப் போயிட்ட. 0.05க்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவனுக்கு அந்த மிசின் மட்டும் தப்பாப் போச்சு. ஒழுங்கா டாக்டரைப் பாரு. நெஞ்சு அடைக்குது, எடது கை வலிக்குதுன்னாக் கேஸ்னு சொல்லிச் சோடா குடிச்சுட்டு நிக்காதே, 108க்கு அடி. இன்னொண்ணு, இதுல நான் கேலி பண்ணல. ராத்திரி படுத்திருக்கறபோது நாம இல்லாமப் போயிட்டா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்கன்னு ஒரு நெனப்பு ஓடுச்சுன்னா, என்னை எழுப்பு. எந்நேரமா இருந்தாலும் எழுப்பு. என்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா 14416ன்னு ஒரு நம்பர் இருக்குது, காசு இல்ல, ராவும் பகலும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். உன்ற ஊட்டு அம்மணிகிட்டயும் குறிச்சுக் குடுத்திருக்கேன்.

இனி என்ற பங்குக்கு வருவோம். வியாழக்கெழமை தோறும் நான் பஸ் ஏறி வரேன். நீ பில்லு எழுது, நான் வசூலுக்குப் போறேன். கமிசன் வேண்டாம். போக வர டிக்கெட்டு, அன்னபூர்ணாவுல ஒரு காப்பி. சாம்பார்ல ரெண்டு இட்லி மெதக்க உட்டாலும் கோவிச்சுக்கமாட்டேன். ஏ.சி. இருக்கற பார்ட்டியா முன்னால குடு, வெயில் காலம் வருது.

இரு, உன்ற போன் அடிக்குது. இல்ல இல்ல, நீ உக்காரு, சோத்துல கை வெச்சுட்டு எந்திரிக்காதே. குடு இங்க, நானே பேசறேன்.

அலோ... ஆமாங், அவருடைய அப்புச்சிதானுங் பேசறேன்... அவரு சாப்பிட்டுட்டு இருக்காருங்... ஆமாங், இந்நேரத்துக்குத்தானுங், வேலை எச்சு... முந்நூறு பீசுங்களா, ஐயோ, உங்களுக்குச் செய்யாமயாங், செஞ்சரலாமுங்... நாளைக்குங்களா? மிசின் 18ம் தேதிக்கு மேலதானுங் காலி... ஆமாங், நடுவால அமாவாசை வேற வருதுங்... சரிங், சரிங், நீங்க ரோசனை பண்ணிச் சொல்லுங்... அட, வெச்சராதீங்க தம்பி. அந்த மூணாவது பில்லு என்னாச்சுங்? மொதலாளி ஊருக்கு வந்துட்டாரா?